'ஆகியிருக்க வேண்டியவள்' என்ற பாரம்: ஒரு வாசகிக்குப் பதில்

39 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

பள்ளியில் எப்போதும் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தவர். "இவள் டாக்டராக வேண்டியவள்" என்று அப்பா சொல்லக் கேட்டே வளர்ந்தவர். சில மதிப்பெண்களில் மருத்துவப் படிப்பு கைநழுவியது. ஆய்வகத் தொழில்நுட்பப் படிப்பு கிடைத்தது, சேர்ந்தார். 16 ஆண்டுகளாக ஒரு மருத்துவமனை லேப்பில் டெக்னீஷியனாக இருக்கிறார். கணவர் அனுசரணையானவர். மகள் பள்ளி இறுதிக்கு வந்துவிட்டாள். இன்னதுதான் குறை என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனாலும் ஞாயிறு மாலை ஆனால் நெஞ்சு கனக்கிறது. கூடப் படித்த தோழி அதே மருத்துவமனைக்கு மருத்துவராக வந்து சேர்ந்தபின் கனம் கூடியிருக்கிறது. "அவளைப் பார்க்கும்போதெல்லாம், நான் ஆகியிருக்க வேண்டிய ஆள் எதிரே நடந்து வருவதுபோல் இருக்கிறது" என்று எழுதுகிறார்.

கடந்த சில ஆண்டுகளில் தரவுப் பகுப்பாய்வு, உளவியல் ஆலோசனை, புகைப்படம், ஒரு வெளிநாட்டு மொழி என நான்கு இணையவழிப் படிப்புகளில் சேர்ந்திருக்கிறார். ஒன்றையும் முடிக்கவில்லை. ஆளுமை வகை சொல்லும் தேர்வை இணையத்தில் இரண்டு முறை எழுதியதில் இரண்டு வெவ்வேறு வகைகள் வந்திருக்கின்றன. "மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கி, உச்சியில் தன் ஆற்றலை முழுதாக எட்டுவதை வைத்து மாஸ்லோ சொன்ன பிரமிடில் மூன்றாம் படியிலேயே நின்றுவிட்டேன். வேலையை விட்டுவிட்டு ஓராண்டு என்னைத் தேடிப் பார்க்கலாமா? ஏழு மாதச் செலவுக்குச் சேமிப்பு இருக்கிறது. 'உனக்கு இப்போ என்ன குறை?' என்கிறார் கணவர். என் வழி இதுதான் என்று தெரிந்துவிட்டால் முழுமூச்சாக இறங்கிவிடுவேன். அதை நீங்களாவது சொல்லுங்கள்" என்று கேட்கிறார். மேற்பார்வையாளரிடம் இதைப் பற்றிப் பேசலாமா என்பது கடைசி வரியில் போகிறபோக்கில் கேட்ட கேள்வி.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் வழி எது என்று என்னால் சொல்ல முடியாது. யாராலும் முடியாது. சொல்கிறேன் என்று யாராவது கட்டணம் கேட்டால் சற்று விலகியே நில்லுங்கள். ஒன்றை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். முதலில் தெரிய வேண்டும், பிறகு இறங்க வேண்டும் என்று ஒரு வரிசை வைத்திருக்கிறீர்களே, அது தலைகீழாக இருக்கிறது. கொஞ்சமாவது இறங்கினால்தான் தெரியவே ஆரம்பிக்கும். எவ்வளவு இறங்குவது, வேலையை விட்டா விடாமலா, எதை எப்போது பணயம் வைப்பது என்பதெல்லாம் பேச வேண்டிய விஷயங்கள். அவற்றுக்கு வருவதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்டாக வேண்டும்.

முதலில் உடம்பையும் மனத்தையும் பாருங்கள்

ஞாயிறு மாலைக் கனம் திங்கள் மதியத்துக்குள் இறங்கிவிடுகிறதா, வாரம் முழுக்க இருக்கிறதா? இரண்டு வாரங்களுக்கு மேலாக, அநேகமாக எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்தே இருந்தாலோ, முன்பு பிடித்தவற்றில்கூடப் பிடிப்பு விட்டுப்போயிருந்தாலோ, கூடவே தூக்கம், பசி, கவனம் எல்லாம் மாறியிருந்தாலோ அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியவர் மனநல மருத்துவர். வாழ்க்கைத் திட்டமெல்லாம் அப்புறம்தான். மனச்சோர்வில் இருக்கும்போது கடந்த காலம் முழுக்க வீண் என்றும் எதிர்காலம் மூடிவிட்டது என்றும்தான் மனம் கணக்குப் போடும். அந்தக் கணக்கை நம்பி ராஜினாமா எழுதக் கூடாது. வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவரிடம் போங்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள்.

மகளோடு உட்கார்ந்து சிரித்ததையும், கைவேலையில் மூழ்கி நேரம் போனது தெரியாமல் இருந்ததையும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் நோய் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் கடிதத்தைப் படித்து நோயறிவது சரியல்ல. இன்னொன்று: டிஎஸ்எச் (தைராய்டு பரிசோதனை), ஹீமோகுளோபின் என்று தினமும் ஊருக்கெல்லாம் பரிசோதனை செய்கிறீர்கள். உங்களுக்குக் கடைசியாக எப்போது செய்துகொண்டீர்கள்? தைராய்டு சுரப்புக் குறைவும் இரத்தசோகையும் ஒருவரை உற்சாகமில்லாத ஆளாகக் காட்டிவிடும் என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

எந்த அளவுகோல், யாருடையது?

'என் ஆற்றலை வீணடித்துவிட்டேன்' என்று மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆற்றலை அளந்தது யார் என்று தேடினால், பதினேழு வயதில் எழுதிய தேர்வும் அப்பாவின் ஆசையும்தான் கிடைக்கின்றன. பாட மதிப்பெண் என்பது அந்த வயதில் பாடத்தை எவ்வளவு நன்றாகப் படித்தீர்கள் என்பதைச் சொல்லும். 39 வயதில் நீங்கள் யாராக இருக்க வேண்டும் என்பதை அது எப்படிச் சொல்லும்? ஒருவருடைய ஆற்றல் பிறக்கும்போதே இவ்வளவு என்று நிரப்பி மூடி வைத்தது இல்லை. எதில் நாளைச் செலவிடுகிறோமோ அதில்தான் அது வளர்கிறது. 16 ஆண்டுகள் லேப்பில் வளர்ந்தது எங்கே போயிற்று?

எங்கே போயிற்று என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. ஓர் இரவுப் பணியில் நோயாளி ஒருவரின் பொட்டாசியம் அளவு அபாயகரமாக உயர்ந்து வந்ததாகவும், இரத்த மாதிரியில் சிவப்பணுக்கள் உடைந்து அளவைப் பொய்யாகக் கூட்டியிருக்கும் என்று சந்தேகப்பட்டு, வார்டைக் கூப்பிட்டு மறுபடி இரத்தம் எடுக்கச் சொன்னதாகவும், இரண்டாவது முடிவு சாதாரணமாக வந்ததாகவும் நான்கு வரியில் எழுதிவிட்டு, 'இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா' என்று தாண்டிப் போய்விட்டீர்கள். பெரிய விஷயம்தான். அந்த எண்ணை அப்படியே அனுப்பியிருந்தால், இல்லாத பிரச்சினைக்கு அவசர சிகிச்சை தொடங்கியிருக்கலாம். எண்ணைப் பார்த்துவிட்டு எண்ணை நம்பாமல் இருப்பது எந்தப் பாடத்திட்டத்திலும் ஒரு பருவத்தில் வந்துவிடாது.

மாஸ்லோ விஷயத்தையும் பேசிவிடலாம். ஏனென்றால் 'மூன்றாம் படி' உங்களை நன்றாக வதைத்திருக்கிறது. உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ 1943-ல் வெளியிட்ட கட்டுரையில் பிரமிடே கிடையாது. அதைப் பிற்காலத்தில் மேலாண்மைத் துறையினர் வரைந்து பரப்பினார்கள். தேவைகளின் வரிசை இறுக்கமானது அல்ல, ஆளுக்கு ஆள் மாறும் என்று அந்தக் கட்டுரையிலேயே அவர் எழுதியிருக்கிறார். எல்லாரும் ஒரே படிக்கட்டில் ஏறுகிறார்கள், நீங்கள் மட்டும் பாதியில் உட்கார்ந்துவிட்டீர்கள் என்ற சித்திரத்துக்கு அவரிடம் ஆதாரம் இல்லை.

தோழி மீதான பொறாமைக்கு வருகிறேன். அதற்காக மன்னிப்பெல்லாம் கேட்டு எழுதியிருக்கிறீர்கள், வேண்டாம். பொறாமை பல நேரம் பயனுள்ள தகவல். ஆனால் முழுத் தகவல் இல்லை. அவரிடம் இருப்பதில் எது உங்களுக்கு வேண்டும்? முடிவெடுக்கும் அதிகாரமா, மரியாதையா, சம்பளமா, நோயாளிகளோடு நேருக்கு நேர் பேசுவதா, இல்லை அப்பாவின் வாக்கு பலித்துவிட்ட திருப்தியா? ஒவ்வொன்றுக்கும் பாதை வேறு. நோயாளிகளோடு பேசுவது வேண்டும் என்றால் மருத்துவராகாமலே அதற்கு வழிகள் உண்டு. முடிவெடுக்கும் அதிகாரம் வேண்டும் என்றால் லேப்புக்குள்ளேயே மேல்நிலைப் பொறுப்புகள் உண்டு. அப்பாவின் வாக்கு என்றால், மன்னியுங்கள், இந்த வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தாலும் அது தீராது. உங்கள் தோழியின் இரவுப் பணிகளும் கையெழுத்துப் போட அஞ்சிய தருணங்களும் உங்கள் கண்ணில் படுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆளுமைத் தேர்வும் நான்கு படிப்புகளும்

ஆளுமைத் தேர்வில் இரண்டு வகை வந்தது உங்கள் குழப்பத்தின் அடையாளம் இல்லை. மனிதர்களைச் சில வகைகளாகப் பிரித்துச் சொல்லும் தேர்வுகளை மறுபடி எழுதும்போது கணிசமானவர்களுக்கு வேறு வகை வருகிறது. காரணம் எளிது. தனிமை விரும்புவதும் கூட்டம் விரும்புவதும் போன்ற குணங்கள் தொடர்ச்சியாகப் பரவியிருப்பவை. பெரும்பாலோர் நடுவில்தான் இருக்கிறோம். நடுவில் கோடு கிழித்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பெயரிட்டால், அன்றைய மனநிலையே ஒருவரைக் கோட்டுக்கு மறுபுறம் தள்ளிவிடும். நீங்கள் லேப்பில் வேலை பார்ப்பவர்: எல்லைக்கோட்டில் இருக்கும் மதிப்பை 'பாசிட்டிவ்', 'நெகட்டிவ்' என்று அறிவிப்பதில் உள்ள சிக்கல் உங்களுக்குத் தெரியும்.

தேர்வே எழுதக் கூடாது என்றில்லை. உளவியலாளர் ஜான் ஹாலண்டின் ஆறு ஆர்வத் துறைகளை அடிப்படையாகக் கொண்ட வினாப்பட்டியல்கள் தொழில் ஆலோசனையில் நீண்டகாலமாகப் பயன்படுகின்றன. கருவியோடு வேலை, ஆராய்ச்சி, கலை, மனிதருக்கு உதவுதல், ஆளை வழிநடத்துதல், ஒழுங்கு சார்ந்த வேலை என்று ஆர்வம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் காட்டும். பயிற்சி பெற்ற ஆலோசகரோடு உட்கார்ந்து பார்த்தால் பேச்சைத் தொடங்க உதவும். ஆனால் ஆர்வம் வேறு, திறமை வேறு, எதை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்பது வேறு. மூன்றையும் ஒரே தாளில் எந்தத் தேர்வும் தந்துவிடாது.

நான்கு படிப்புகளை விட்டதை 'எதிலும் நிலைக்காத குணம்' என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே விட்டீர்கள் என்று நீங்கள் கொடுத்த விவரத்தை வைத்துப் பார்த்தால், நான்கும் ஒரே மாதிரி இல்லை. புகைப்படத்தை விட்டது வார இறுதிப் பணி வந்ததால். மொழியை விட்டது, பேச ஆள் கிடைக்காததால். தரவுப் பகுப்பாய்வையும் ஆலோசனைப் படிப்பையும் விட்டதுதான் வேறு ரகம்: பாடம் கேட்கும்வரை நன்றாக இருந்தது, பயிற்சிகள் கடினமானதும் 'இது என் வழியாக இருந்தால் இவ்வளவு கஷ்டமாக இருக்காதே' என்று தோன்றியிருக்கிறது.

இந்த ஒரு வரிதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. உரிய வழி என்றால் அது இலகுவாக இருக்கும் என்பது மிகப் பரவலான நம்பிக்கை. உளவியலாளர்கள் பால் ஓகீஃப், கேரல் டுவெக், கிரெகரி வால்டன் ஆகியோர் 2018-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஆர்வம் என்பது உள்ளே ஏற்கெனவே இருக்கிறது, கண்டுபிடித்தால் போதும் என்று நம்புகிறவர்கள், தங்களுக்குப் பழக்கமான துறைக்கு வெளியே உள்ளவற்றைக் குறைவாகவே எட்டிப் பார்த்தார்கள். ஒரு விஷயம் பிடித்துப்போய், பிறகு அது கடினமாகத் தொடங்கியபோது அவர்களுடைய ஆர்வம்தான் அதிகம் சரிந்தது. ஆர்வத்தை வளர்த்துக்கொள்ளலாம் என்று நம்புகிறவர்கள் அவ்வளவு சரியவில்லை. ஆகவே கடினமானது என்பதற்காக விட்ட இரண்டில் ஒன்றை மறுபடி எடுத்துப் பார்க்கலாம். மற்ற இரண்டைக் குற்றவுணர்வே இல்லாமல் விட்டுவிடலாம். நான்கையும் முடித்துக்காட்ட வேண்டும் என்று யாரும் உங்களைக் கேட்கவில்லை.

சோதித்துப் பார்ப்பது

வேலையில் எது குறைகிறது என்று தெரியாமல் வேலையை மாற்றினால், அதே குறை புது இடத்துக்கும் கூடவே வரும். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள் மனிதனுக்கு அடிப்படையாக மூன்று மனத்தேவைகளைச் சொல்வார்கள்: தன் விருப்பப்படி செயல்படும் உணர்வு, கைதேர்ந்திருக்கும் உணர்வு, மனிதர்களோடு ஒட்டியிருக்கும் உணர்வு. உங்கள் கடிதத்தைப் படித்தால் மூன்றாவது நன்றாக இருக்கிறது. சக ஊழியர்களைப் பற்றி ஒரு குறைகூட இல்லை. இரண்டாவது இருக்கிறது, ஆனால் பல ஆண்டுகளாக அங்கேயே நிற்கிறது. முதலாவதுதான் காய்ந்து கிடக்கிறது. பணி அட்டவணை யாரோ போடுகிறார்கள், கருவி யாரோ வாங்குகிறார்கள், நடைமுறை யாரோ எழுதுகிறார்கள். என் கணிப்பு சரியென்றால் உங்களுக்கு வேண்டியது வேறு தொழிலாக இல்லாமல், இதே தொழிலில் சொல்லுக்கு மதிப்புள்ள ஓர் இடமாகவும் இருக்கலாம். 'இருக்கலாம்' என்றுதான் சொல்கிறேன், சோதிக்க வேண்டும்.

எட்டு வாரங்களுக்கு ஒரு சிறிய பதிவேடு வையுங்கள். உங்கள் லேப்பில் தரக் கட்டுப்பாட்டுக்கு, கருவி சரியாக அளக்கிறதா என்று தினமும் புள்ளி வைத்துப் பார்க்கும் லெவி-ஜென்னிங்ஸ் வரைபடம் போடுவீர்கள் அல்லவா, அதே பாணி. ஒவ்வொரு நாள் முடிவிலும் அன்றைக்கு எது உயிரூட்டியது, எது உறிஞ்சியது என்று இரண்டு வரி, பத்துக்கு ஒரு மதிப்பு. மதிப்பு முன்பே தெரிந்த கட்டுப்பாட்டு மாதிரி ஒரே ஒரு முறை சராசரியிலிருந்து 2 எஸ்டி (திட்ட விலக்கம்) எல்லையைத் தாண்டினால் கருவியைத் தூக்கி எறிய மாட்டீர்கள், எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வீர்கள். ஆனால் தொடர்ந்து பத்துப் புள்ளிகள் சராசரியின் ஒரே பக்கத்தில் விழுந்தால், எதுவும் எல்லையைத் தாண்டாவிட்டாலும், எங்கோ நிலையான விலகல் இருக்கிறது என்று தேடத் தொடங்குவீர்கள். மனத்துக்கும் அந்தப் பொறுமையைக் கொடுங்கள். தோழியைத் தாழ்வாரத்தில் பார்த்த ஒரு மோசமான செவ்வாய்க்கிழமையை வைத்து வாழ்க்கையை எடைபோட வேண்டாம். ஒரே வகை வேலை தொடர்ந்து கீழே இழுக்கிறது என்றால் அதை அலட்சியம் செய்யவும் வேண்டாம்.

பதிவேட்டோடு கூடவே, ஒரு நேரத்தில் ஒன்றாக, சிறிய சோதனைகள். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதிலேயே பாதி நாள் போய்விடுகிறது என்று அலுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதே பத்தியில் புதுக் கருவிக்கு நீங்கள் எழுதிய கையேட்டைத்தான் இன்றும் எல்லாரும் பயன்படுத்துகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உடனே 'நீங்கள் ஆசிரியராகப் பிறந்தவர்' என்று நான் சொல்லப்போவதில்லை. அது இன்னொரு முத்திரையாகிவிடும். அது அலுப்பா, அங்கீகாரமில்லாத உழைப்பின் மீதான கோபமா என்று பிரித்துப் பார்க்கலாம்: பயிற்சியை முறைப்படி உங்கள் பொறுப்பாகவே இரண்டு மாதம் எடுத்துச் செய்யுங்கள். அதன்பின்னும் அலுப்பாக இருந்தால் அந்தக் கதவை மூடிவிடலாம், கேள்வி தீர்ந்தது.

லேப் அனுபவத்திலிருந்து பிரியும் கிளைகள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். தர மேலாண்மை ஒன்று. மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 15189 தரநிலைப்படி அங்கீகாரம் பெறும் ஆய்வகங்கள் அனைத்துக்கும் தணிக்கையும் ஆவணமும் தெரிந்த ஆள் வேண்டும், அந்த ஆள் வேலை தெரிந்தவராகவும் இருந்தால் அருமை. கருவி நிறுவனங்களில் பயன்பாட்டுப் பயிற்சி தருவோர், ஆய்வகத் தகவல் மென்பொருளை அமைப்போர், மருத்துவ ஆராய்ச்சிகளை ஒருங்கிணைப்போர், தொற்றுக் கட்டுப்பாடு, இரத்த வங்கி, கல்லூரியில் செய்முறைப் பயிற்றுநர் என்று நீளும். பாதியில் விட்ட தரவுப் பகுப்பாய்வு இவற்றில் இரண்டுக்காவது நேரடியாகப் பயன்படும். இந்த வேலைகளில் இருக்கும் இருவரையாவது தேடிப்பிடித்து அரைமணி நேரம் பேசுங்கள். வேலை கேட்கப் போக வேண்டாம். 'உங்கள் வேலையில் சலிப்பான பகுதி எது?' என்று கேளுங்கள். அந்தச் சலிப்பு உங்களுக்குத் தாங்குமா என்பது, வேலையின் பளபளப்பைவிட நல்ல அடையாளம்.

மறுபடி மருத்துவப் படிப்புக்கு முயலலாமா என்று ஒரு வரி வருகிறது. பெரும்பாலான நாடுகளில் அடிப்படைப் பட்டமே ஐந்து, ஆறு ஆண்டுகள். அதன்பின் பயிற்சி, சிறப்புப் படிப்பு. சேர்க்கை விதிகளும் வயது வரம்பும் இடத்துக்கு இடம் மாறும். முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேலே கேட்ட 'எது வேண்டும்' என்ற கேள்விக்கு நோயாளிகளுக்குச் சிகிச்சை தருவதைத் தவிர வேறெதுவும் ஒப்பாகாது என்று பதில் வந்தால் மட்டுமே அந்தப் பேச்சை எடுக்கலாம்.

ராஜினாமா: என் கருத்து

இப்போது வேண்டாம்.

மாற்றத்துக்கு ஆதரவான வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட், பெரிய முடிவுகளில் தத்தளிப்பவர்கள் இணையத்தில் நாணயம் சுண்டிப் பார்க்க ஒரு ஏற்பாடு செய்தார். 20,000-க்கும் அதிகமான முறை நாணயம் சுண்டப்பட்டது. பெரிய முடிவுகளில், மாற்றத்தைத் தேர்ந்தவர்கள் ஆறு மாதம் கழித்து சராசரியாக அதிக மகிழ்ச்சியோடு இருந்தார்கள். ஆக, தயங்குகிறவர்கள் தேவைக்கு மேல் தயங்குகிறார்கள் என்று சொல்ல இடமிருக்கிறது. 'இத்தனை ஆண்டு போட்ட உழைப்பு வீணாகுமே' என்ற காரணம் உங்களைப் பிடித்து வைக்க வேண்டியதும் இல்லை. போனது போனதுதான், இனி வரும் ஆண்டுகள் எப்படி இருக்கும் என்பதை வைத்துத்தான் முடிவு எடுக்க வேண்டும்.

ஆனால் அங்கே நாணயம் சுண்டியவர்கள் முன்னால் ஒரு தெளிவான கேள்வி இருந்தது. உங்களிடம் இருப்பது இங்கிருந்து வெளியேறும் ஆசை மட்டும். எங்கே போவது என்ற பகுதி வெறுமையாக இருக்கிறது. வெறும் ஓய்வுக் காலம் தெளிவு தரும் என்பதும் நீங்கள் நினைக்கும் அளவுக்கு உண்மையில்லை. ஏழு மாதச் சேமிப்பில் ஓராண்டு தேடல் என்றால், நான்காவது மாதமே கணக்குப் பார்க்கத் தொடங்குவீர்கள்; ஐந்தாவது மாதம், கிடைத்த வேலைக்குச் சரி என்பீர்கள். அவசரத்தில் எடுக்கும் அந்த வேலை இப்போதையதைவிட மோசமாக இருக்க நிறையவே வாய்ப்புண்டு. மகளின் மேற்படிப்புச் செலவு வேறு அதே காலத்தில் வருகிறது.

நடுவில் வழிகள் இருக்கின்றன: ஊதியமில்லா விடுப்பு, குறைந்த நேரப் பணி, பிரிவு மாற்றம். முதல் வேலையாகப் பணி நியமனக் கடிதத்தையும் பணி விதிகளையும் எடுத்துப் படியுங்கள். விலகல் அறிவிப்புக் காலம் எவ்வளவு, ஒப்பந்தக் காலம் ஏதும் பாக்கியா, சேர்ந்திருக்கும் விடுப்புக்குப் பணம் உண்டா, பணிக்கொடை போன்ற பலன்கள் எத்தனை ஆண்டில் கூடுகின்றன, குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடுமா, தொழில் பதிவைப் புதுப்பிக்க இடைவெளி தடையாகுமா? இவை ஒவ்வொரு இடத்திலும் வேறுபடும். மனிதவளப் பிரிவு வாயால் சொல்வதை நம்பாமல் எழுத்தில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒரு முறை காட்டினால் போதும்.

எப்போது விடலாம் என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். போக வேண்டிய திசையில் ஒரு சோதனையாவது செய்து பார்த்து அது பிடித்திருக்க வேண்டும். ஓராண்டு தேடல் என்றால் ஓராண்டுக்கு மேலான செலவு கையில் இருக்க வேண்டும். திரும்பி வர வேண்டியிருந்தால் எந்த வேலைக்கு வருவீர்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். மூன்றும் கூடினால், உங்கள் கணவர் தயங்கினாலும் நான் உங்கள் பக்கம்தான் பேசுவேன். வேலை உங்கள் உடல்நலத்தைக் கெடுக்கிறது என்றாலோ அங்கே யாராவது துன்புறுத்துகிறார்கள் என்றாலோ இந்தக் கணக்கெல்லாம் மாறும். அப்படி எதுவும் நீங்கள் எழுதவில்லை.

வயதைப் பற்றி மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள், ஒரே பதில்: தாமதமாகிவிடவில்லை. 18 முதல் 68 வயது வரையான 19,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2013-ல் வெளியானது. கடந்த பத்தாண்டுகளில் நிறைய மாறியிருக்கிறோம் என்று எல்லா வயதினரும் ஒப்புக்கொண்டார்கள். அடுத்த பத்தாண்டுகளில் அவ்வளவு மாற மாட்டோம் என்றும் எல்லா வயதினருமே நினைத்தார்கள். 49 வயதில் உங்களுக்கு என்ன பிடிக்கும் என்பது இப்போது உங்களுக்கே தெரியாது. அதனால்தான் ஒரே ஒரு 'இறுதி வழி'யைத் தேடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

வீட்டில், அலுவலகத்தில்

கணவர் 'என்ன குறை?' என்று கேட்பது அலட்சியமாக இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம். நீங்கள் சொன்னவரை பயம் என்றுதான் படுகிறது. 'வேலையை விடப்போகிறேன்' என்று தொடங்கினால் அவர் காதில் கடன் தவணை மட்டும்தான் விழும். 'மூன்று மாதத்துக்கு வாரத்தில் இரண்டு மாலைகள் எனக்கு வேண்டும், அந்த நேரம் வீட்டை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று கேட்டுப் பாருங்கள். அது அவர் ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி. 'என்னைப்போல் ஆகிவிடாதே' என்று மகளிடம் சொல்வதை நிறுத்திவிடுங்கள். உங்கள் அப்பா சொன்ன வாக்கியத்துக்கு அது மறுபக்கம், அவ்வளவுதான்.

கடைசியாக, மேற்பார்வையாளர். மனக்குழப்பத்தை அவரிடம் கொண்டுபோக வேண்டாம். போக நினைக்கிறவர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டால், அடுத்த நல்ல பொறுப்பு வேறு ஆளுக்குப் போகும். திட்டத்தோடு போங்கள்: புதியவர்களுக்கான பயிற்சியை இரண்டு மாதம் முறைப்படி என் பொறுப்பில் தாருங்கள், பயிற்சி முடிந்தவர்களிடம் மாதிரி நிராகரிப்பும் மறுபரிசோதனையும் எவ்வளவு குறைகிறது என்று நான் கணக்கு எடுத்துத் தருகிறேன் என்று. அதற்கு ஈடாக வழக்கமான வேலையில் எது குறையும் என்பதையும் அப்போதே கேளுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் உங்கள் தலையில் ஏறி, சோதனையின் முடிவே தவறாக வரும். அவர் வாயால் சரி என்றால், அன்றைக்கே நான்கு வரி மின்னஞ்சலில் பேசியதை உறுதிப்படுத்தி அனுப்பிவிடுங்கள்.